மூன்றாவது எபிசோட்

பிரதீபன் திருப்பூரிலிருந்து மாசாமாசம் கட்டுகிறான்.
அவன் பெயருக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கட்டம்,
'அம்மா' என்று எழுதி, மஞ்சளாக ஒரு முகம்.
எமரால்டில் மழை இறங்கினால் முகம் மட்டும் நிற்கும்.
படம் வராது,
வட்டம் சுற்றும்.

முதலில் அந்தப் போலீஸ்காரி.
எந்த நாடோ, எப்போதும் ஈரம்.
எட்டு எபிசோடும் ஒரே ஸ்வெட்டர்.
ஒருநாளும் உட்கார்ந்து தின்று பார்த்ததில்லை,
காப்பி, காப்பி.
கொலைகாரன் யாரென்று மறந்துவிட்டேன்.
முழங்கையில் அவள் போட்டிருந்த ஒட்டு
இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு நண்டு பிடிப்பவர்கள்,
உப்பு வெட்டும் ஒருத்தன், அவன் ஒட்டகம்.
கீழே ஓடும் இங்கிலீஷை
பாதி படிப்பதற்குள் வரி மாறிவிடும்.
மீதியை நானே வைத்துக்கொள்வேன்.
தப்பாக இருந்தால் அவர்களுக்கென்ன நஷ்டம்.

நேற்று ராத்திரி மூன்றாவது எபிசோட்.
ஆஸ்திரேலியா என்று போட்டான்.
திரை முழுக்க எங்கள் கற்பூர மரம்!
பட்டை உரிந்து தொங்குகிற அதே அலங்கோலம்,
அரிவாளாய் வளைந்த அதே இலை.
"இங்க பாருங்க, நம்ம மரம்" என்று கத்தினேன்.
வீரமலை புரண்டு படுத்தார்.

இருபத்திரண்டு வருஷமாக
இந்த இலையைத்தான் அண்டாவில் அடைத்து வேகவைக்கிறேன்.
தைலம் சொட்டுச் சொட்டாக இறங்கும்.
என் சேலை, என் பாய், நான் பிசைந்த சோறு,
எல்லாவற்றிலும் அதன் வாசம்.
பஸ்ஸில் பக்கத்து சீட்காரி கேட்பாள், "சளியா?"
மாடு தின்னாது, ஆடு முகர்ந்துவிட்டுப் போகும்.
யாருக்கும் ஆகாத இலை என்றே நினைத்திருந்தேன்.

அங்கே ஒன்று,
சாம்பல் நிறம், காதில் பஞ்சு வைத்த மாதிரி,
கிளைக்கவட்டையில் உட்கார்ந்து
முறுக்கு தின்பதுபோல் அதைத் தின்கிறது.
தின்றுவிட்டுத் தூங்குகிறது.
முதுகில் குட்டியும் தூங்குகிறது.

அப்புறம் ஒரு பெண் வந்தாள். என் வயசிருக்கும்.
ஓர் இலை கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி
மூக்கருகே கொண்டுபோனாள்,
அண்டாவை மூடுமுன் நான் தினமும் செய்கிறதை.
மரத்தை ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
கீழே எழுத்து வந்தது:
'தன் மொழியில் பேசுகிறார்.'
அவ்வளவுதான். என்ன பெயரென்று போடவில்லை.
பின்னால் தள்ளித் தள்ளிக் கேட்டேன்.
வாயில் வைத்துப் பார்த்தேன், வரவில்லை.
நாலாவது தரம் கரண்ட் போனது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.
அப்பா ராமேஸ்வரத்தில் கப்பலிறங்கிய வருஷம்
நட்ட வரிசை அது, வீட்டைவிட மூத்தது.
மூடுபனிக்குள் வெளிச்சம் பாதிமரம் வரைதான் ஏறியது.
கவட்டை கவட்டையாகப் பார்த்தேன்.
ஒன்றில் காக்காக்கூடு.
இன்னொன்றில் பால்கவர், காற்றுக்குப் படபடத்தது.
கேரட் காட்டில் காட்டெருமை மூச்சுவிட்டதும்
ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டேன்.

"இந்நேரத்தில எங்க போன?"
"சும்மா. சொந்தக்காரங்க யாராச்சும் வந்திருக்காங்களான்னு."
"யாருக்கு?"
"மரத்துக்கு."
கொஞ்ச நேரம் இருட்டில் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கம்பளியை இழுத்துக்கொண்டு சொன்னார்,
"அவங்களுக்கு அட்ரஸ் தெரியணுமில்ல."