பன்னிரண்டு துளை

பன்னிரண்டு இடத்தில் ஊசி போட்டார்கள்.
பத்தில் ஒன்றுமில்லை.
இரண்டில் வந்திருக்கிறது.

'வந்திருக்கிறது' என்றதும் சிரித்துவிட்டேன்.
முப்பத்தோரு வருஷம் போர் வண்டி ஓட்டியவன்.
திருச்செங்கோட்டிலிருந்து ராய்ச்சூர் வரை
அந்த ஒரு சொல்லுக்காகக் காட்டுக்காரர்கள்
விடிய விடியக் குத்தவைத்திருந்ததைப் பார்த்தவன்.
டாக்டருக்குப் புரியவில்லை.
பாவாயிக்குப் புரிந்தது,
முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மூணும் மூணும் ஆறு என்றார் டாக்டர்.
மெதுவாக நகரும் சாதி.
அறுக்கலாம், கதிர் வைக்கலாம்,
இல்லை, தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம்:
மூன்று மாதத்துக்கொரு ரத்தம்,
வருஷம் கழித்து மறுபடி ஊசி.
"நீங்களே சொல்லுங்க."
"நீங்கதான் சொல்லணும்."

இதையே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
அறுநூறு அடியிலும் புழுதி மட்டும் பறக்கும்.
"இன்னொரு நூறு போடட்டுங்களா, நிறுத்தட்டுங்களா?"
காசு அவருது, காடு அவருது.
கம்ப்ரசர் சத்தத்தில் வாயசைவது மட்டும் தெரியும்.
நான் பீடி பற்றவைத்துக்கொண்டு
வேறு பக்கம் பார்ப்பேன்.

நல்லசாமி போன ஐப்பசியில் அறுத்துக்கொண்டான்.
"வேரோட போச்சு, விடு" என்கிறான்.
கல்யாண மண்டபங்களில் கடைசி வரிசை, கதவோரம்.
வேட்டியை விட்டுவிட்டான், எப்போதும் கறுப்பு பேண்ட்.
இருமல் வந்தால் முகம் மாறுகிறது.
ஆனால் ராத்திரி தூங்குகிறான்.
நான் ஓட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்,
அது இப்போது எத்தனை அடியில் இருக்கும் என்று.

"அறுத்தா, தாம்பத்யத்துல கொஞ்சம்..." என்று
டாக்டர் இழுத்தபோது
பாவாயி சுவரிலிருந்த சிறுநீரகப் படத்தை
பரீட்சைக்குப் போல் படித்தாள்.
கோயமுத்தூர் பஸ்ஸில் ஒரு பேச்சுமில்லை.
பெருந்துறை தாண்டித்தான் சொன்னாள்:
"எனக்காகன்னு எதையும் முடிவு பண்ணாதீங்க."
பள்ளிபாளையம் பாலத்தில், காவிரியைப் பார்த்தபடி,
"எனக்காகவும் பண்ணலாம்."

வண்டியை விற்றபோதும் விடாத ஒரு நோட்டு இருக்கிறது.
தேதி, ஊர், ஆழம், கல்: நாலு கட்டம்.
புதுப் பக்கத்தில் எழுதினேன்:
தை ஒன்பது. நான். ஆறு புள்ளி எட்டு.
கல் என்ற கட்டத்தில் என்ன எழுத?
கருங்கல்லா, சுக்கான்கல்லா,
உள்ளே இறங்கியவர் யார் சொல்ல.

பாவாயி எட்டிப் பார்த்தாள்.
"கீழேயே சித்திரை ஒம்பதும் எழுதி வைங்க.
வந்து பார்த்துக்கலாம்."

எழுதினேன்.
கட்டம் மட்டும் கோணலாக வந்தது.