கிணறு கு-17

ஆடியபாதம் வீதிக் கடையில்
கருநீல அட்டை, பொன்னெழுத்து, நான்கு பிரதி.
பசை காயமுதல் ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு
குப்பிளானுக்குச் சைக்கிள் மிதித்தேன்.
"முடிஞ்சால் ஒருக்கால் கொண்டுவந்து காட்டுங்கோ" என்று
வதனரூபி அக்கா கேட்டிருந்தா.

இரண்டரை வருடம்.
மாதத்தில் ஒரு நாள் அவதான் கப்பிக் கயிறு இழுத்து
போத்திலை மூன்று தரம் அலம்பி
விளிம்பு முட்ட நிரப்பித் தருவா.
காற்றுக் குமிழி நிற்கக்கூடாது என்று
முதல்நாள் நான் சொன்னதை
ஒருநாளும் மறந்ததில்லை.

புத்தகத்தில் அவ இல்லை.
"மாதிரிகள் பெறப்பட்டன" என்று இருக்கிறது,
கிணறு தானே ஏறி வந்து
தண்ணீரை வைத்துவிட்டுப் போனதுபோல.
நன்றியுரையில்
விரிவுரையாளர் பதினொரு பேருக்குப் பின்னால்
"பிரதேச மக்கள்" என்ற இரண்டு சொல்லுக்குள்
எங்கேயோ நிற்கிறா.

வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தவ
கையைச் சட்டையில் துடைத்து
இரண்டு கையாலும் வாங்கினா.
"எங்கட கிணறு எத்தினையாம் பக்கம்?"
நூற்று நாற்பத்து மூன்று.
எழுத்துக் கூட்டவில்லை, உயர்தரம் படித்தவ,
செய்தி வாசிக்கிற குரலில் வாசித்தா:

"கு-17 இல் அவதானிக்கப்பட்ட நைத்திரேற்றுச் செறிவானது
பரிந்துரைக்கப்பட்ட நியம எல்லையினை விஞ்சிய
பருவகால ஏற்ற இறக்கப் போக்கினைக் கொண்டிருந்தமையும்
வெப்பமூட்டற் செயன்முறையினால் அது
குறைவுறாமையும் குறிப்பிடத்தக்கன."

ஒரு சொல்லிலும் தடக்கவில்லை.
நிமிர்ந்து, "நல்லாய் இருக்கு" என்றா.
பிறகு,
"அப்ப, குடிக்கலாமோ?"

முதல் வரைவில் இருந்தது.
இந்தத் தண்ணீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று
அப்படியே இருந்தது.
சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில்,
"இது ஆய்வு. அறிவித்தல் பலகை அல்ல."
திருத்தினேன். பொய் சொல்வானேன்,
திருத்தியது எனக்கும் பிடித்திருந்தது.
"குறைவுறாமையும்" எழுதிய இரவு
எழும்பி நின்று ஒருக்கால் உரக்க வாசித்தேன்.

உள்ளே ஒரு பிள்ளை சிணுங்கியது.
"தங்கச்சியின்ர. சித்திரை பிறந்தால் நாலு மாசம்.
பால்மாதான். பயப்பிடாதேங்கோ,
நல்லாய்க் கொதிக்க வைச்சுத்தான் கரைக்கிறம்."

எங்கள் சுண்ணாம்புக்கல் ஒன்றையும் மறைக்காது.
மேலே வெங்காயத்துக்கு எறிந்த யூரியாவை
மாரி முடியமுதல் கிணற்றிடம் சொல்லிவிடும்.
நான் எழுதினது களி.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
ஒரு சொட்டும் கீழே இறங்கவில்லை.

"கொதிக்க வைச்சாலும் போகாது அக்கா.
பிள்ளைக்குக் குடுக்காதேங்கோ."

ஆறு சொல்.
அவ திரும்பப் பக்கத்தைப் பார்த்தா.
"இதுக்குள்ள அதோ இருக்கு?"
ஓம் என்றேன்.
"எப்ப தெரியும் உமக்கு?"
இவ்வளவு நாளும் "உங்களுக்கு" என்றவ.
"போன மாரியே கண்டறியப்…" என்று தொடங்கி
வாயை மூடிக்கொண்டேன்.

"ஆர் இதை வாசிக்கிறது?"
"மூண்டு பேர்."
அதில் ஒருவர் சுருக்கத்தோடு நிறுத்திவிட்டார் என்பதைச்
சொல்லவில்லை.

ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.
மஞ்சள் கான் இரண்டை எடுத்துக்
கரியரில் வைத்துக் கட்டினா,
வாசிகசாலைக் குழாயடிக்கு.
கயிற்று முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தா.
படலை அடிபட்டது.

வெங்காயத் தாளுக்கு மேல் கருநீலப் புத்தகம்.
பொன்னெழுத்தில் என் பெயர்,
அதன்மேல் ஒரு சருகு.
குசினிக்குள் கேத்தில்
இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

யாரையும் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றி உள்ளே போய்
நான் அடுப்பை நூர்த்தேன்.