முறுக்கா, சொடுக்கா

கோத்தகிரி யாக்கூப் கடையில்
இரண்டுக்கும் அவர் வைத்ததுதான் பெயர்:
முறுக்கு. சொடுக்கு.
அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து
கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுப்பதைப் போல
கண்ணாடி மேசைமேல் போடுகிறார்.
முறுக்கு ஜோடி தொள்ளாயிரம்.
சொடுக்கு ஆயிரத்து நானூற்றைம்பது.
"எட்டு மணிக்கு ஷட்டர், தவமேரி.
மழை டானிங்டன் வரைக்கும் ஏறிடுச்சு."

என் வண்டியில் இருப்பது முறுக்கு.
கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் மாற்றலாகிப் போகையில்
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட வண்டி.
கைப்பிடியே கியர்.
குழாயைத் திறப்பது மாதிரி ஒரு திருகு,
நாலு கியர் சேர்ந்தாற்போல் இளகும்.
அரவேனு மேட்டில் எத்தனை நாள்
என் மூச்சை எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது.
குறை சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் போன மாசி மாதம்.
விடிந்தும் விடியாத பனி.
வளைவில் காட்டெருமை,
யாரோ குறுக்கே நிறுத்திவிட்டு
டீ குடிக்கப் போன லாரியாக.
பிரேக்கைப் பிடித்தேன்.
பிடித்த கை பயத்தில் இறுகியது,
இறுகிய கை முன்பக்கம் உருண்டது.
கேபிள் நகர்ந்தது எனக்குத் தெரியாது.
வண்டியைத் திருப்பி மேட்டில் மிதித்தபோதுதான்
மூன்று பல்லை ஒன்றாகத் தாண்டிய செயின்
கடகடவென்று
என் பயத்தை அதற்கு வாசித்துக் காட்டியது.
தலையைத் தூக்கிப் பார்த்தது.
பெடல் கல்லாகிவிட்டது.
இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன்.
(துரத்தவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது.)

"ரேஸ்ல எல்லாருமே சொடுக்குதான்க்கா,"
பஞ்சருக்குக் காத்திருக்கும் லிங்கராஜ் சொல்கிறான்.
ரேஸ்காரர்கள்
திங்கள் முதல் சனி வரை
கத்தரி வைத்துக் கொழுந்து வெட்டுகிறார்களா, தம்பி?
சாயங்காலம் என் வலது கட்டைவிரலில்
தீக்குச்சியைப் பிடித்தால்
குச்சி இருப்பது தெரியாது.
சுட்டால் தெரியும்.
அந்த விரலை நம்பியா அவ்வளவு பணம்?
இதையெல்லாம் கேட்கவில்லை.
அவனுக்குப் பதினேழு வயது,
பத்து விரலும் புதுசு.

முறுக்கை எடுத்துத் திருகிப் பார்த்தேன்.
தெரிந்த கை தெரிந்த கையைப் பிடித்தது, அவ்வளவுதான்.
பிறகு சொடுக்கு.
கட்டைவிரலால் தள்ளினேன்.
விரலுக்கு ஒன்றும் எட்டவில்லை.
டிக்.
இன்னொரு தடவை.
டிக்.
கண்ணை மூடிக்கொண்டு ஐந்து தடவை.
சுட்டுவிரல் பக்கத்தில்
ஒரு சொடுக்குக்கு ஒரு பல்,
எவ்வளவு கெஞ்சினாலும் அதற்குமேல் விழாது,
ரேஷன் கடை அளவு.
விரல் தவறவிட்டதைக்
காது எண்ணிக்கொண்டது.

"வலது பக்கம் மட்டும் மாட்டலாமா?"
"மாட்டலாம். முன்பல்லுக்குத் தனி கேபிள்தானே,
இடது பாட்டுக்கு முறுக்காவே இருக்கட்டும்.
பாக்கத்தான் ஜோடி சேராது."
"ஜோடி சேராதது எங்க வீட்ல நெறைய இருக்கு."
யாக்கூப் சிரிக்கவில்லை.
ஆலன் கீயைத் தேடினார்.
ஒற்றைக்கு எழுநூற்று எண்பது வாங்கினார்,
பிரித்த பெட்டியை இனி யார் வாங்குவார்கள் என்று
முணுமுணுத்துக்கொண்டே.
இந்த வாரம் மீன் கிடையாது.

ஷட்டர் இறங்கும்போது நானும் இறங்கினேன்.
லைட் வெளிச்சத்தில் மழை
குறுக்கும் நெடுக்குமாக.
தேயிலைக்குள் ஏதோ அசைந்தது, அல்லது தேயிலைதான்.

அந்த வளைவு வந்தது.
எதுவும் இல்லை.
சாணி மட்டும், புதுசு,
மழையில் ஆவி விட்டபடி.
இடது கை இறுகியது, பழைய பழக்கத்தில்
கொஞ்சம் உருண்டது.
உருளட்டும்.
பயப்படவும் ஒரு கை வேண்டாமா?

வலது கை
தேவையே இல்லாமல்
ஒரு தடவை
டிக்.