பின் பிரேக்

கேட்காமல் எடுத்த வண்டி.
பச்சையாற்றுப் பாலம் தாண்டி இறங்குகிற வளைவில்
முப்பிடாதியின் சினையாட்டில் போய் முட்டியது.
அரை மணி நேரம் கிடந்து செத்தது ஆடு.
நம்பிராஜனுக்கு முழங்கையில் தோல் வழன்றிருந்தது,
அவ்வளவுதான்.

களக்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை.
எரிந்துபோன ஐந்து எச்.பி. மோட்டாருக்குக்
காயில் கட்டிக்கொண்டிருந்தேன்.
கோடையில் கிணறெல்லாம் அடியில் கிடக்கும்,
வாழைக்காரர்கள் விடிய விடிய ஓட்டி
மோட்டாரைக் கருக்கிக்கொண்டு வருவார்கள்.
இந்த வேலைக்கு எண்ணிக்கைதான் உயிர்.
நாற்பத்திரண்டு சுற்று என்றால் நாற்பத்திரண்டு.
நடுவில் யாராவது "டீ சொல்லவா" என்றால்
வாய் திறக்கக் கூடாது.
முப்பத்தொன்றில் இருக்கும்போது வந்து நின்றான்.
முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

முப்பிடாதி அழவில்லை, ஏசவும் இல்லை.
"ஒம்பதாயிரத்துக்குக் கேட்டாவ, குடுக்கல்ல" என்றாள்.
ஆட்டுக்கு மட்டும்தான் விலை சொன்னாள்.

என் சட்டைப் பையில் அன்று ஏழாயிரம் இருந்தது,
சிதம்பராபுரத்துக்காரர் ஒருத்தர் தீர்த்த பழைய பாக்கி.
உலகம்மா என் பையையே பார்த்தாள்.
நான் பையனைப் பார்த்தேன்.
"முட்டுனது யாருலே?"
"நாந்தான்."
"அப்போ யாரு குடுக்கணும்?"
கேட்கும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.
பிறகு அதை நினைத்துத்தான் கூசினேன்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவு.
காலையில் வாழைக்காய் மண்டியில்
தார் எண்ணிச் சீட்டு எழுதினான்.
சாயங்காலம் மாடி மாடியாகத் தண்ணீர் கேன்.
மத்தியானம் முப்பிடாதியின் மிச்ச ஆடுகளுக்கு
வேம்பும் கொடுக்காப்புளியும் ஒடித்துக்
கட்டுக்கு இருபது ரூபாய் என்று கழித்துக்கொண்டார்கள்.
அந்தப் பேச்சு எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியாது.
சாமி காலண்டரின் பின்பக்கம்
அவன் எழுத்தில் தேதி, தொகை, தேதி, தொகை.
உலகம்மா ராத்திரி அவன் தோளில் எண்ணெய் தேய்த்தாள்.
எனக்குச் சோறு போட்டாள்,
இன்னும் வேணுமா என்று கேட்கவில்லை.

இருபதாம் நாள் இருக்கும்.
மேற்கே மலை கறுத்து, மழை வராமலே போன ராத்திரி.
வண்டியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு சொன்னேன்:
"பின் பிரேக் நட்டு வழுக்குதுன்னு
ஒரு மாசமாத் தெரியும்லே எனக்கு.
ஊரு மோட்டாரெல்லாம் பாக்கேன்.
இதப் பாக்கல."
டார்ச் பிடித்திருந்தவன் வெளிச்சத்தை அசைக்கவில்லை.
"பாதி என் கணக்கு" என்றேன்.
ரொம்ப நேரம் கழித்து,
"கேக்காம எடுத்தது நாந்தான்லா."
"ஆமா. அது ஒன் பாதி."

ஒத்துக்கொண்டான், மண்டியில் விலை பேசுகிறவன் மாதிரி
கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.
நாலாயிரத்து ஐநூறை நானே கொண்டுபோனேன்.
முப்பிடாதி எண்ணி மடியில் முடிந்துகொண்டு
"இத்தன நாளா எங்க இருந்தீரு?" என்றாள்.
பணத்தைக் கேட்டாளா, என்னையா,
இன்றுவரை பிடிபடவில்லை.

மே கடைசியில் அவன் பாதியும் தீர்ந்தது.
அதன் பிறகும் குழைக்கட்டோடு போனான்.
"கணக்குத் தீந்திட்டுல்லா, பொறவென்ன?"
உலகம்மாதான் கேட்டாள்.
"வயித்துல ரெண்டு குட்டி கெடந்துச்சும்மா."
வேறொன்றும் சொல்லாமல் அரிவாளை எடுத்துக்கொண்டான்.
எண்ணிப் பிழைக்கிறவன் நான்.
எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆவணியில் பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்தான்.
வண்டி வேண்டுமென்றால் இப்போது கேட்கிறான்.
"காலையிலதான் முறுக்குனேன், பிரேக் சரியா இருக்கு"
என்று சாவியைக் கொடுக்கிறேன்.
சரி என்கிறான்.
தெருவில் இறக்கி, ஏறுவதற்கு முன்,
குனிந்து
அந்த நட்டைத் தன் விரலால் ஒருமுறை
திருகிப் பார்க்கிறான்.