விரைவில்

கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு எதிரே
காலி மனையில் நாங்கள் நட்ட பேனர்.
எட்டுக்குப் பத்து, நாலு சவுக்குக் கழி.
'விரைவில்! நூறு படுக்கை மகப்பேறு மருத்துவமனை.'
சிரிக்கும் டாக்டரம்மாவை
ஏதோ பற்பசை விளம்பரத்திலிருந்து
வெட்டியெடுத்தான் தேசிங்கு.

கேலி புரியும் என்றிருந்தோம்.
யாராவது கொதிப்பார்கள், பேப்பரில் வரும்,
"இதுவும் கலைதான் சார்" என்று சொல்ல
ஒரு சட்டை இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள்
இளநீர் வண்டி ஒன்று நிழலுக்கு வந்து நின்றது.
ஷேர் ஆட்டோக்காரர்
"ஆஸ்பத்திரி ஸ்டாப்லாம் எறங்கு" என்றார்.
வட்டச் செயலாளர் ஆள் அனுப்பி
டாக்டரம்மாவின் தோளருகே
தன் படத்தை ஒட்டிக்கொண்டார்.
கோபம் மட்டும் யாருக்கும் வரவில்லை.

அவிழ்க்கப் போன ராத்திரி
புகையும் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள் ஒருத்தி.
கையில் காந்தம் கட்டிய குச்சி,
தோளில் சாக்கு,
வயிறு எட்டு மாசம் இருக்கும்.

"இன்னாண்ணா, கயட்றீங்க?"

"கிழிஞ்சிருக்கு. வேற மாத்தப்போறோம்"
என்றான் தேசிங்கு, என்னைப் பார்க்காமல்.

"பதினாறாந்தேதிக்குள்ள தொறந்துருவாங்களா?"

ஏணி மேல் நான்.
வாயில் கட்டுக்கம்பி.
நல்லவேளை,
வாயில் கட்டுக்கம்பி.