நடுக்கால்

நிலத்துக்குக் கீழே, தரிப்பிடம் பதினேழு.
பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை ட்ரில் போடக்கூடாது.
ஞாயிறென்றால் தும்முவதற்கும் யோசிக்கவேண்டும்.
பீல் நகரத்தில் எனக்கு வாய்த்த தச்சுப்பட்டறை இதுதான்.

பின்கதவைத் தூக்கிவிட்டு
முதலில் என்னை அளந்தாள் நளாயினி.
சப்பாத்தைக் கழற்றி மல்லாந்து கிடந்தேன்.
நூற்று எழுபத்தொன்று.
"பாஸ்போட்டிலை நூற்று எழுபத்துநாலு.
மிச்சம் எங்கை போச்சுது?"
பிறகு அவள் படுத்தாள், நாடாவை நான் பிடித்தேன்.
தோளுக்குத் தோள் நாற்பத்துமூன்று.
இருபத்திரண்டு வருசம் பக்கத்தில் கிடந்த உடம்பு;
இன்றைக்குத்தான் அதன் எண் தெரிந்தது.

சில்லுமேடு இரண்டுக்கும் இடையில் நூற்றிரண்டு.
கீழே பெட்டிகள் போக, உயரம் இருபத்தெட்டு.
திங்கள் விடிய ஐந்தே காலுக்கு
பின்சீற்றில் மூன்று பேர் ஏறுவார்கள்:
மிர்சாத், தெஸ்ஃபாய்,
கண்ணாடியில் கன்னம் வைத்துத் தூங்குகிற பிளெரிம்.
கிறெங்கன் தொழிற்சாலை வரை பெற்றோல் காசு நாலு பங்கு.
அதனால் இந்தக் கட்டில்
வெள்ளி வந்து ஞாயிறு போகிற கட்டிலாக இருக்கவேண்டும்.
நாலு திருகாணி, ஒரு சாவி, பத்து நிமிசம்.

தாளில் ஒரே பலகையாகத்தான் வரைந்திருந்தேன்.
குறுக்கே ஒரு பிணைச்சல், நடுவில் இரண்டு கால்.
அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.
"ஒண்டாச் செய்யாதேங்கோ.
நீட்டுக்கு ரெண்டாப் பிளவுங்கோ.
எனக்கெண்டு ஒரு பாதி."

ஏன் என்று கேட்டிருப்பேன்.
பென்சில் வாயில் இருந்தது.

கடையில் பலகை அறுக்கிற பெடியன்
பதினைந்து மில்லிமீற்றர் பேர்ச் பலகையை
வாளுக்குக் கீழே தள்ளினான்.
ஒரு கோடு. மூன்று செக்கன்.
தூள் என் மீசையில் விழுந்தது.

பதினொன்று ஐம்பத்தாறுக்குக்
கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டிருக்கையில்
நாலாம் மாடித் திருமதி ஏகெர்ட்டர் வந்தார்.
முதலில் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு எங்களை.
எங்கே பயணம் என்று கேட்டார்.
"மலைக்கு" என்றேன்.
"ஏரிக்கு" என்றாள் அவள்.
இரண்டும் ஒரே நேரத்தில் வந்து
கொங்கிறீற்றுக் கூரையில் மோதிக்கொண்டன.

பரீட்சை இரவு அங்கேயே, பதினேழில்.
அசைந்தால் எரிகிற விளக்குகள்.
அவள் ஒருக்களித்தபோது
தரிப்பிடம் முழுக்க விடிந்தது.
நான் முழங்காலை மடித்தேன், மறுபடி விடியல்.
அன்றிரவு ஒன்பது தடவை விடிந்தது.
பிறகு இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு
அந்தியேட்டிக்கு வந்தவர்கள்போலக் கிடந்தோம்,
சிரிப்பு வந்துவிடக்கூடாதென்று.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த இடுக்கில்
அவளுடைய கொண்டையூசி விழுந்தது.
காலையில் தேடுவோம் என்றாள்.

ஒக்ரோபர் இரண்டாம் சனி
தன் பாதியை மட்டும் பூட்டிக்கொண்டு போனாள்.
முதியோர் இல்லத்தில்
தொண்ணூறு கட்டில் விரிப்புத் தோய்க்கிறவள்.
"கோவமெண்டு நினையாதேங்கோ.
ஒரு ராத்திரி, ஒருத்தரும் கூப்பிடாத இடத்திலை
கிடந்து பாக்கோணும்."
தேத்தண்ணிப் போத்தலைக் கொடுத்தேன்.
சரிவில் ஏறும்போது பிறேக் விளக்கு ஒருமுறை சிவந்தது.
ஒருமுறைதான்.

என் பாதி நடைக்கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது.
பத்தரைக்கு அதை விறாந்தையில் விரித்துப் படுத்தேன்.
வலப்பக்கம் சரிந்தது.
எழுந்து குனிந்து பார்த்தேன்.
நடுக்கால் இரண்டையும் அவளுடைய பாதியில் திருகியிருக்கிறேன்.
அறுத்தது பெடியன்; கணக்கு என்னுடையது.
மகளின் சட்டப் புத்தகங்களை அடுக்கி முட்டுக்கொடுத்தேன்.
இருபத்தாறுதான் வந்தது.
மேலே ஒரு துவாய்.

பதினொன்றரைக்குப் படம் ஒன்று அனுப்பியிருந்தாள்.
வேர்த்த கண்ணாடி. வேறொன்றும் தெரியவில்லை,
ஏரியா இருட்டா என்றுகூட.
ஆடுதா என்று எழுதினேன்.
"இல்லை. உங்கடை?"

கொஞ்சநேரம் எழுதி, அழித்து,
இல்லை என்று அனுப்பினேன்.

திங்கள் வேலை முடிந்து கடைக்குப் போகவேண்டும்.
இரண்டு கால்.
இருபத்தெட்டு சென்ரிமீற்றர்.