இறகு விண்மீன், ஜாடி 114

லேபிளில் மிச்சம்
‘மண்டபம், ஒன்பது பாகம்’ மட்டும்.
பெயர் இருந்த இடத்தைக்
கரப்பான் தின்றிருந்தது.

கருப்பூரில் கடல் இல்லை.
ட்ரேயில் ஸ்பிரிட் ஊற்றிக் கைகளை எண்ணினேன்:
முப்பத்தொன்று.
மறுபடி, இருபத்தொன்பது.
இரண்டு இடுக்கியோடு வந்துவிட்டன.

வாய் நடுவில் இல்லை, ஓரம் தள்ளி.
வாயருகு இழைகளின் நுனியில் சீப்புப் பற்கள்.
குடும்பம் தெரிந்துவிட்டது.
பற்றுக்காலில் கணு பதினேழா, பதினெட்டா?
அதில்தான் இனமே நிற்கிறது.

“இத்தன வருசம் பேரே இல்லாமயா கெடந்துச்சு?”
என்றார் அட்டெண்டர் மாதையன்.

ஒரு மணிக்கு
வெள்ளைக்கல் கரட்டில் வேட்டு.
ஜன்னல் அதிர்ந்தது, ட்ரே அதிர்ந்தது,
ஒன்று விட்டு ஒன்றாய்
கைகள் எழுந்து தாழ்ந்தன.

எண்ணிக்கை தவறிப்போனது.

நிறம் என்ற கட்டத்தில்
‘பழுப்பு’ என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
‘ஸ்பிரிட்டில் பழுப்பு.
நீந்தியபோது தெரியாது.’